சிரிப்பை வெட்டிய காணொளி

மிளகாய்க் களத்தில் வெயில் சாய்கிறது. காயப்போட்ட குண்டு மிளகாய் தரையெல்லாம் சிவந்து கிடக்க, கருவேல நிழலில் உட்கார்ந்து சேதுலட்சுமி கைப்பேசியைப் பார்த்து மூக்கை உறிஞ்சுகிறாள். காணொளியில் அழுவது, அவள் பக்கத்தில் நிற்கும் பாண்டியம்மாள்தான். முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கண்ணில் தண்ணீர் வழிகிறது. பின்னால் ஒரு புல்லாங்குழல் உருகுகிறது. கட்சிக் கொடிக்குக் கீழே எழுத்து ஓடுகிறது: "பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லாமல் கதறும் தாய். மனசாட்சி இருந்தால் பகிருங்கள்."

"ஏத்தா, அன்னைக்கு மூட்டை கட்டையில மொளகா நெடி கண்ணுல ஏறுனதுதான? அந்தக் கட்சிக்காரத் தம்பி படம் எடுத்துக்கிட்டு இருக்கையிலயே நீயும் நானும் விழுந்து விழுந்து சிரிச்சமே, அத எங்க காணோம்?" என்கிறாள் பாண்டியம்மாள்.

"தெரியும்க்கா. இருந்தாலும் பாக்கையில மனசு கேக்க மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே சேதுலட்சுமியின் விரல் பகிரும் பொத்தானுக்குப் போகிறது. பாண்டியம்மாள் வெடுக்கென்று கைப்பேசியைப் பிடுங்குகிறாள். காலையில் மஸ்கட்டிலிருந்து மகன் மாரீஸ்வரன் கூப்பிட்டிருந்தான். "கஷ்டத்த எங்கிட்ட மறைச்சிட்டியேம்மா. வேலைய விட்டுட்டு வாரேன்" என்று அழுதான். மிளகாய் நெடி என்று எவ்வளவோ சொல்லியும் அவன் நம்பவில்லை.

"பெத்த புள்ளயவே அழ வச்சிட்டானுக. இத இன்னும் நாலு பேருக்கு அனுப்பணுமாக்கும்?" என்று சீறியபடி அவள் அதை நிறுத்தப் பார்க்கிறாள். விரல் எங்கோ பட்டு, படம் முதலிலிருந்து ஓடுகிறது. மறுபடி அந்தப் புல்லாங்குழல். திரையில் அந்தப் பொம்பளை கண்ணைத் துடைக்கிறாள். காற்று கடலைப் பார்த்து வீசுகிறது. இந்தப் பக்கம் நெடியே இல்லை. பாண்டியம்மாள் முந்தானையைத் தேடுகிறாள்.