பன் வாங்கப் போனவர்

பர்மிங்ஹாமிலிருந்து வந்த சுற்றுலா பஸ் அந்தச் சிற்றூரில் ஒரு மணி நேரம் நின்றது. தேன்நிறக் கல் வீடுகளையும் ஓடை வாத்துகளையும் பார்த்துவிட்டு, டெஸ்மண்ட் பன் வாங்க பேக்கரிக்குள் போனார். அரை மணியாகியும் வரவில்லை. மனைவி வினிஃப்ரெட் உள்ளே போய்ப் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் மாவு படிந்த ஏப்ரனோடு அவர்தான் நின்றிருந்தார்.

"என்ன வேணும் மேடம்?"

"விளையாடாதே டெஸ்! பஸ் போயிடும்."

வரிசையில் நின்ற கிழவி சிரித்தாள். "அவன் பேரு ஆல்ஃபி, அம்மா. முப்பது வருஷமா எங்களுக்கு ரொட்டி சுடுறான்."

வினிஃப்ரெட் காலையில் பஸ்ஸில் இருவருமாக எடுத்துக்கொண்ட படத்தைக் கைபேசியில் காட்டினாள்.

"இதுல நீ மட்டும்தானே இருக்கே?" என்றாள் கிழவி.

வினிஃப்ரெட் எட்டி அவர் கையைப் பற்றிக் கதறினாள். மோதிர விரலில் மோதிரமும் இல்லை, அதன் தடமும் இல்லை. வெளியே ஹாரன் ஒலித்தது. கிழவி ரொட்டியோடு வெளியேறியதும் அவர் குனிந்து கிசுகிசுத்தார்.

"வின்னி, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடி. இல்லேன்னா இந்த ஊர்க்காரங்க உன்னையும் விடமாட்டாங்க."

மறுபடி ஹாரன் ஒலித்தது. சுவர் ஆணியில் இன்னொரு ஏப்ரன் தொங்கியது. வினிஃப்ரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.