சுபேதார் நடை

“பெருமூளை வாதமா? எம் பொண்ணு தேச்சம்மாவுக்கா?” மடிக்கேரி டாக்டரிடம் போஜம்மா சண்டைக்கே போய்விட்டாள். “இடது காலை இழுத்து நடக்கிறது நோயில்ல, டாக்டர். பரம்பரை நடை! எங்க மாமனார் சுபேதாரும் அச்சு அசல் இப்படித்தான் நடப்பார். குடகு முழுக்கக் கேட்டுப் பாருங்க. எழுந்திருடி, போகலாம்.”

“உட்காருங்கம்மா. லேசான பாதிப்புதான், இனி அதிகமாகாது. பயிற்சி செஞ்சா நடை சுலபமாகும். ஆமா, சுபேதாருக்கும் பிறவியிலேயே இப்படியா?”

“சேச்சே! அவர் போர்ல குண்டடி பட்டவராச்சே!” என்றாள் போஜம்மா பெருமையாக.

பதினைந்து வயது தேச்சம்மாதான் முதலில் சிரித்தாள்.

“அவ்வா, தாத்தா வாங்கின குண்டு என் கால்ல எப்படி வந்துச்சு?”

“வாயை மூடுடி!” போஜம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மகளின் கையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

“பயிற்சிக்கு என்னைக்கு வரணும், டாக்டர்?”