கெண்டைக்கால் பொட்டு

எழுதிப் பழகாத கை இது. தேர்ந்தவர்கள் எழுதும் பக்கத்தில் ஒரு தகப்பனாரின் பெருமையைச் சொல்லத் துணிந்தமைக்கு, வாசகர்கள் முதலிலேயே பொறுத்தருள வேண்டுகிறேன்.

"டவுசரைக் கொஞ்சம் மேல தூக்கு கண்ணு. டாக்டரம்மா நல்லாப் பாக்கட்டும்," என்றார் செங்கோட்டையன்.

ஏழு வயது அருண்குமார் நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டினான். கடைந்தெடுத்ததுபோல் திரண்டு நின்றது கெண்டைக்கால். அதன் நடுவே, யார் கண்ணும் பட்டுவிடாதிருக்கத் தாய் நாச்சியம்மாள் வைத்த மைப்பொட்டு ஒன்று.

செங்கோட்டையன் காங்கேயத்தில் காளை வளர்ப்பவர். காலைத் தடவிப் பார்த்தே ஒரு கன்று பின்னாளில் எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுவார். அருணுக்கு நாலு வயதானபோது, கன்று பார்க்கத் தொழுவத்துக்கு வந்த தரகர் ஷேக் பரீத், பக்கத்தில் நின்ற பையனின் காலைப் பிடித்துப் பார்த்து, "ஏனுங்க, கன்னு கெடக்கட்டும். இந்தக் காளை என்ன வெலைங்க?" என்று கேட்டார்.

தகப்பனார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தோட்டம் முழுக்கக் கேட்டது. நாச்சியம்மாளோ, தரகர் தலை மறைந்ததும் மையை எடுத்து அந்தக் காலில் பொட்டு வைத்தாள். பிறகு ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

அதோடு கவனிப்பும் கூடியது. காளைக்கு வேகவைக்கும் கொள்ளில் முதல் பங்கு அருணுக்கு என்றாயிற்று. காலையில் முட்டை, மாலையில் முளைகட்டிய பாசிப்பயறு. புரதம் உள்ளே போனால் சதை தானே வளரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவர் மகனுக்கு ஊட்டியதெல்லாம் அதுதான்.

ஆனால் கொஞ்ச நாளாகப் பையன் ஓட்டத்தில் பின்தங்கினான். தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கையூன்றித் தன்மீதே ஏறுவதுபோல் எழுந்தான். பள்ளியில் பிள்ளைகள் அவனைத் 'தாத்தா' என்றழைத்தார்கள். படியில் விழுந்துவிட்டான் என்று ஆசிரியை சொல்லியனுப்பவே, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று, நாலு வயதாகப் போகும் சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மறுபடியும் வந்திருந்தார்கள்.

செங்கோட்டையனுக்குக் காரணம் முன்பே விளங்கியிருந்தது.

"காலு கனமுங்க. கனத்த காலுக்கு ஓட்டம் வராது, வண்டி இழுப்புத்தான் வரும். காளையிலயும் அப்படித்தானுங்க. மேலுஞ் சித்த தேறிட்டா சரியாப் போயிரும். டப்பாவுல வருதே, அந்தப் புரோட்டீன் மாவு, அதை எத்தனை கரண்டி கலக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போட்டீங்கன்னா, நாங்க பஸ்ஸப் புடிச்சிருவோமுங்க."

டாக்டர் ராமாமணி சிரிக்கவில்லை. அருணைத் தரையில் உட்காரச் சொல்லி, பிறகு எழச் சொன்னார். அவன் கையூன்றி எழுந்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பின்பு கூடத்திலுள்ள மீன்தொட்டியைப் பார்த்துவரும்படி அவனை நர்ஸுடன் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அண்ணா, அது சதை இல்லீங்க," என்றார்.

செங்கோட்டையன் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"சதை நைஞ்சு போன எடத்துல கொழுப்பும் நாரும் வந்து அடைச்சிருக்குங்க. அதான் உருண்டு தெரியுது. ரத்தத்துலயும் அப்படித்தான் வந்திருக்கு."

நாம் உண்ணும் புரதத்தை உடம்பு அப்படியே எடுத்துச் சதையில் ஒட்டிக்கொள்வதில்லை என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். அதைத் துணுக்குத் துணுக்காகப் பிரித்து, தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும். தசை நைந்துவிடாமல் தாங்குகிற ஒன்றைக் கட்டும் திறன் மட்டும் இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இல்லை. ஊட்டியதில் குறையொன்றுமில்லை, ஆனால் எதை எவ்வளவு ஊட்டினாலும் அது கூடிவராது.

"மருந்துங்க?" என்றார் செங்கோட்டையன்.

"கொணமாக்கற மருந்து இன்னும் வரலீங்கண்ணா."

செங்கோட்டையனின் தலை கவிழ்ந்தது. ஓட்டம் போய்விட்டது. படியேற்றம் பாதி போய்விட்டது. இன்னும் சில வருடங்களில் நடையும் போகும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு எது போகும் என்று இவர் கேட்கவில்லை. ஆயிரம் கால்களைத் தடவிப் பார்த்த தம் இரு கைகளையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

டாக்டர் நாச்சியம்மாளின் பக்கம் திரும்பினார். இந்த நோய் பெரும்பாலும் தாய்வழியில், ஆண் குழந்தைகளுக்கே வருவது என்றும், அதில் தாயின் குற்றம் எதுவுமில்லை என்றும் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கிக் கேட்டார்.

"அம்மணி, ஊட்டுல வேற பையன் இருக்கானுங்களா?"

காலையில் தொட்ட மை நாச்சியம்மாளின் ஆள்காட்டி விரலில் இன்னும் இருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். போகவில்லை, மறுபடியும் துடைத்தாள்.

"சின்னவனுக்கும் போன மாசத்துலருந்து கால்ல பொட்டு வெக்கிறேனுங்க."