ஆறுதல் பரிசு

கஞ்சாத் தடைச்சட்டம் தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கிறதா என்று கல்லூரியில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். யாருக்கு என்ன கொள்கை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். பிரணவுக்குச் சுதந்திரம் விழுந்தது. “என் உடல், என் மூச்சு, அரசுக்கென்ன வேலை?” என்று அவன் முழங்க, மகள் துப்பட்டாவை எப்படிப் போடவேண்டும் என்பதைக்கூடத் தாங்களே முடிவு செய்யும் நடுவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள். மாரீஸ்வரிக்குச் சட்டம் விழுந்தது. அவளுடைய அண்ணன் ஒரு பொட்டலம் கஞ்சாவுக்காக இரண்டு வருடமாகச் சிறையில் இருக்கிறான். “சட்டம் நம்மைக் காப்பாற்றுகிறது” என்ற இடத்தில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. உணர்ச்சி போதாது என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

கோப்பையைப் பிரணவிடம் கொடுத்த சிறப்பு விருந்தினர் ஒரு காவல்துறை அதிகாரி. மாரீஸ்வரிக்கு ஆறுதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டியவர், அறிவுரையும் சேர்த்தே கொடுத்தார். “பாயிண்டெல்லாம் சரிதாம்மா. மனசுலேருந்து வரல. அடுத்த தடவ, ஒங்க வீட்லயே ஒருத்தன் கஞ்சாவால அழிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டுப் பேசு. சும்மா கற்பனைதானே!”

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மூடினாள்.

“இத ஜெயிலுக்குள்ள விடுவாங்களா சார்?”