மைக்காரர் போட்ட கோடு

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, பாவி!"

பென்சில்காரர் போட்ட சத்தத்தில் வரைபட அலுவலகமே எழுந்து நின்றது.

நாட்டை மதவாரியாக இரண்டாகப் பிரிக்கிற வேலை. யாரும் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாதே! அதனால் எல்லைக்கோட்டை இந்த மதத்துக்காரர் பென்சிலில் போடுவார். அந்த மதத்துக்காரர் அதன்மேல் மை ஏற்றுவார். இருபது வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள்தான் இரண்டு பேரும்.

இன்று காலை வந்து பார்த்தால், மைக்கோடு பென்சில் கோட்டை விட்டு விலகி ஆற்றங்கரை ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஊர் இப்போது அந்தப் பக்கம். பென்சில்காரரின் அக்கா குடும்பம் இருக்கிற ஊர்.

"ஊரு பூரா எங்க ஆளுங்க. என் அக்கா அங்க இருக்கான்னு தெரிஞ்சேதானே பண்ணினே? என்ன இருந்தாலும் உன் புத்தி உன் மதத்தோடதானே போகும்!"

மைக்காரரின் முகம் சுண்டிப்போனது.

"மேலேர்ந்து மாத்தச் சொன்னாங்கப்பா. என் பெரிய பொண்ணைக் கட்டிக்குடுத்த ஊரும் உங்க பக்கம் போயிடுச்சு, பாரு."

"நடிக்காதே!"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேராகத் தன் தரப்புத் தலைவர் வீட்டுக்கு ஓடினார் பென்சில்காரர். நம் மதத்துக்காக உயிரையே கொடுப்பேன் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். அவர் விடுவாரா?

உள்ளே போனால் எதிர்த்தரப்புத் தலைவரும் அங்கேதான் இருந்தார். மேடையில் கீரியும் பாம்புமாகச் சீறுகிற இருவரும் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, மைக்காரன் மோசம் பண்ணிட்டான். நம்ம ஆளுங்க நாப்பதாயிரம் பேரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. என் அக்காவை என்ன பண்ணுவாங்களோ, நீங்கதான் காப்பாத்தணும்!"

தலைவர் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவன்மேல ஏம்ப்பா பழி போடுறே? மாத்தச் சொன்னது நாங்கதான். அந்த ஊருக்குப் பதிலா அவரு ஆளுங்க ஊரு ஒண்ணு நமக்கு வருதே."

"எதுக்குங்கய்யா? அவங்கவங்க ஆளுங்க நிம்மதியா இருக்கணும்னுதானே பிரிக்கிறோம்?"

இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் நிம்மதியா இருந்துட்டா எப்படிப்பா? அங்க நம்ம ஆளுங்க கொஞ்சம் அடி வாங்கணும், இங்க அவரு ஆளுங்க கொஞ்சம் அடி வாங்கணும். இல்லேன்னா அடுத்த தேர்தல்ல நாங்க ரெண்டு பேரும் எதைச் சொல்லி ஓட்டுக் கேக்கிறது?"