செல்லச்சாமி என்ற வரி

2008, மாத்தளை டவுனில் யஹ்யாவின் கம்ப்யூட்டர் கடை. தடுப்புக்காவலிலிருந்து விடுதலையாகிறவர்களின் பட்டியல் இணையத்தில் வெறும் படமாக வந்திருக்கிறது. பார்வையில்லாத பவளராணிக்குத் திரையை வாசித்துச் சொல்லும் குரல் "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

"நான் வாசிக்கவா தங்கச்சி?" என்கிறார், அவள் 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் யஹ்யா.

"வேணாம் நானா. தம்பி செல்லச்சாமி பேரு இல்லாட்டி மறைச்சிருவீங்க. நானே கேக்கணும்."

தகரக் கூரையில் மழை இரைகிறது. கம்ப்யூட்டர் குரலுக்கு ஆங்கிலம் மட்டுமே வாசிக்க வரும் என்பதால் யஹ்யா ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். பதினேழாவது பெயரைப் படத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்க்கிறார். உதட்டைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் தட்டி முடித்து, ஹெட்போனை அவள் கையில் கொடுக்கிறார். அவள் விசையை அழுத்தி வரிவரியாகக் கேட்டு இறங்குகிறாள். சட்டென்று கை நிற்கிறது.

"செலாசாமையாம். பேரக் கடிச்சுத் துப்புது நானா," என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு, அதே வரியை மறுபடியும் கேட்கிறாள்.