கண்டதும் ஓடியவள்

பர்மாப் போர் முடிந்து, பட்டாளத்திலிருந்து திரும்பிய பங்காரு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினான். எதிர்பார்த்து நின்றிருந்த மனைவி நாகம்மா, அவன் முகத்தைக் கண்டதும் திரும்பி ஓடிவிட்டாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. அவன் சிறு வயதில், அம்மா நைனாவை விட்டு ஓடிப்போன அன்றும் கதவு இப்படித்தான் பூட்டிக் கிடந்தது. இவளும் அப்படித்தானா? வாசலிலேயே கறுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

வெயில் ஏறியபின் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். கிட்டே வந்ததும் சந்தனம் மணத்தது.

"எவனைப் பாத்துட்டு வர்றே?"

"மலை மேல இருக்கறவரை."

முக்காட்டை இழுத்தான். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம்.

"நீங்க உசுரோட வந்து இறங்கினா, ஒரு வார்த்தை பேசறதுக்கு முந்தியே முடி குடுக்கறதா வேண்டிக்கினு இருந்தேன்."

பங்காரு வாசலிலிருந்து எழுந்து வழிவிட்டான்.

அவள் பூட்டைத் திறந்தாள். "இனிமே பேசலாம் பாவா. சாப்ட்டீங்களா?"